சாவு வீட்டில் கறுத்த கண்ணாடி

போன வாரம் ஒரு சாவுக்குப் போனேன்... கூலிங் கிளாஸோடு!

வேண்டுமென்றா போட்டுக்கொண்டு போனேன்? கேளுங்கள்.

என் மூக்கில் இருப்பது பவர் கண்ணாடி. வீட்டுக்குள் வெள்ளையாக இருக்கும், வெயிலில் தானாகக் கறுக்கும். பொன்னேரிக் கடையில், இருப்பதிலேயே உசத்தியானதை எடு என்று சொல்லி வாங்கியது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசுவதில் கெட்டிக்காரன் யார் என்று கேட்டுப் பாருங்கள். என் ஷெட்டுக்குத்தான் வழி சொல்வார்கள்.

இறந்தவன் கோதண்டம். அவனும் நானும் ஒரே கம்பெனியில், ஒரே ஆசிட் தொட்டியில் வேலை பழகியவர்கள். முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பை ஆசிட்டில் முக்கித் துருவை எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆசிட் சோம்பேறி, துரு லேசில் போகாது. சூடு ஏற்றினால் பறக்கும். அசந்தீர்களோ, துருவை முடித்துவிட்டு இரும்பையே தின்னத் தொடங்கிவிடும்.

நான் சொந்த ஷெட் போட்டேன். பூஜைக்கு வந்த கோதண்டம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"நீ சூடு ஏத்துன ஆசிட்டு மாரிடா. துருவோட நிக்க மாட்ட, இரும்பையும் துன்னுடுவ."

"வயித்தெரிச்சல்டா உனுக்கு!" என்றேன்.

அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பேச்சே இல்லை.

செய்தி வந்ததும் மகள் கார் சாவியை எடுத்தாள். வேண்டாம் என்றேன். அந்த வாசலில் என் காரை நிறுத்தினால், செத்தவனிடமும் பவுசு காட்ட வந்துவிட்டான் என்பார்களே! பெருமையை விடுகிற ஆளா நான்? அன்று விட்டேன். ஷெட்டில் கிடந்த மொபெட்டை எடுத்தேன். அவனும் நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் ஷிப்டுக்குப் போவோம்.

தை மாதக் குளிர். முகத்தில் காற்று. பளீரென்று காலை வெயில். கவரைப்பேட்டையில் திரும்பி ஆரணி போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே ஐஸ் பெட்டி. நுழைந்ததுமே அழுகைக்கு நடுவில் ஒரு குரல்—

"இன்னாம்மா இது... சாவு ஊட்டுக்கு கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு வந்துக்கீறாரு!"

"மொதலாளி இல்ல? அப்டித்தான்."

எனக்கு எல்லாமே இருட்டாகத் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. வெளுக்கட்டும் என்று நின்றேன். வெளுக்கவில்லை. பெட்டியருகே குனிந்தேன்... அங்கே இன்னும் குளிர்.

"எமகண்டத்துக்கு முன்னாடி எடுக்கணும். வாய்க்கரிசி போடறவங்க சீக்கிரம் வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். பெட்டியைத் திறந்தார்கள். கோதண்டத்தின் மகன் செல்வம் என் எதிரே வந்து நின்றான்.

"பெரிப்பா, அத்த கழட்டு. இல்லன்னா வெளிய போய் நில்லு. எங்கப்பன இப்டி பாக்க வாணாம்."

கழற்றினால் எனக்குக் கைக்கெட்டும் தூரம்கூடப் புகைதான். கழற்றாவிட்டால் கோதண்டத்துக்கு அவமரியாதை. இத்தனை வருஷம் கழித்து நான் பார்க்க வந்ததே அந்த முகத்தைத்தானே?

கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

கொஞ்சம் அரிசியை அள்ளிப் போட்டேன். கன்னத்தில் விழுந்திருக்கிறது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். சரசா... கோதண்டத்தின் மனைவி.

"வாய் இங்க கீதுண்ணா."

என் கையை அவள்தான் கொண்டுபோய் வைத்தாள். விரலில் சில்லென்று உதடு. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உன் காரு தெருமொனைய தாண்டும்போதுல்லாம் ஜன்னலாண்ட வந்து நிப்பாரு. 'தோ போறாம் பாரு, ஆசிட்டு'ம்பாரு. கூப்புடுயான்னா, கூப்புட மாட்டாரு."

அந்தத் தெருமுனை வந்தால் நானும் காரை மெதுவாக விடுவேன். திருப்ப மாட்டேன்.

என் மகள் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். சாயங்காலம் அவளிடம் கண்ணாடியைத் திட்டித் தீர்த்தேன்.

"நைனா, அதுக்குள்ள ரெண்டு வேல ஒரே நேரத்துல நடக்குது. வெயிலு கறுக்க வைக்கும், சூடு வெளுக்க வைக்கும். ரெண்டும் சரிசமமா ஓடிச்சின்னா, பாக்கறதுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா உள்ள ரெண்டும் நடந்துக்கினே இருக்கும். குளுரா இருந்தா வெளுக்கறது ரொம்ப லேட்டாவும்."

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "கார்ல போயிருந்தா முன்கண்ணாடியே அந்த வெயில தடுத்திருக்கும். இவ்ளோ கறுத்திருக்காது."

பெருமையை விட்டதற்கு எனக்குக் கிடைத்த கூலி, பாருங்கள்!

அவன் ஜன்னலில், நான் தெருமுனையில். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருந்திருக்கும், இல்லையா?

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வாய்க்கரிசி போட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பையின் கதகதப்பில் பளிங்காக வெளுத்திருந்தது! ஆனால் அதற்குள் அவனைப் பாடையில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். வாசலுக்கு ஓடினேன். செல்வம் என்னைப் பார்த்தான். தலைமாட்டில் நின்ற ஒருவரை விலகச் சொன்னான்.

"வா பெரிப்பா."

தோள் கொடுத்தேன். கோதண்டத்தின் முகம் என் பக்கத்திலேயே. ஆசை தீரப் பார்க்கலாம் என்று திரும்பினேன். தெருவெல்லாம் வெயில்.

கறுப்பதற்கு மட்டும் நேரமே ஆகவில்லை.