மருந்துப் பெட்டியின் முத்திரை

மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மருந்துப் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஷார்ஜாவிலிருந்து பத்து நாள் ஊழியத்துக்கு உகாண்டா கிராமம் ஒன்றுக்குப் போன எங்கள் தமிழ்ச் சபைக் குழுவுக்கு இந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் கோப்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் நாள், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். அனுமதி இன்னும் வரவில்லை. நான் வாசலுக்கும் பெட்டிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

“பிள்ளைக்கு உடம்பு கொதிக்கி. லெட்டர் வரட்டும்னு அதுகிட்ட நீங்களே சொல்லுங்க அங்கிள்” என்றாள் எங்கள் குழுவின் ஸ்டெல்லா. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் நர்ஸ் வேலை, நாகர்கோவில்காரி.

“ரூல் இருக்கேம்மா.”

“அப்போ ரிப்போர்ட்டுல என் பேர எழுதிக்கிடுங்க” என்று முத்திரையைக் கிழித்தாள்.

மறுநாள் தெளிந்த குழந்தை என் சட்டைப்பைப் பேனாவைப் பிடித்து இழுத்தது. அதே பேனாவால்தான் ஸ்டெல்லாவின் பெயரை எழுதினேன்.

ரிப்போர்ட்டைப் படித்த சபைக் கமிட்டி, அடுத்த குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. அந்தப் பயணத்துக்காகவே லீவை மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். ஆராதனை முடிந்து “ஸ்தோத்திரம் அங்கிள்” என்று அவள் வழக்கம்போல் சொல்வாள்; எனக்கு நிலைகொள்ளாது. தவறு என்னுடையது, அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டிக்கு எழுதினேன்.

பரிசுத்த வாரத்தின் புதன்கிழமை அந்தக் குழு விமானம் ஏறியது. அவளைச் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது மறுநாள், பெரிய வியாழன் அன்று.