அவள் ஆடிய என் பயம்

அவள் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அவளைப் பற்றி யாரும் குறையாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களே என்ற எரிச்சல்தான் வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. காய்ச்சல் என்று சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் திரும்பவில்லை. பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். முட்டி மடக்கி, உள்ளங்கையைத் தரையில் பதித்து, முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பியிருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம். அந்த நிலை என்னுடையது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அந்தமானில், எங்கள் லம்பா லைன் பகுதியில், நாங்கள் இருவரும் ஒரே டீச்சரிடம் பரதம் படித்தோம். மரத்தளம் போட்ட பழைய ஹால். அப்போதெல்லாம் நில அதிர்வு வந்துகொண்டே இருக்கும். அதனால் வீடுகளில் ஒரு காலி பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைப்போம். அது விழுந்தால் வெளியே ஓட வேண்டும். வகுப்பு ஜன்னலிலும் ஒன்று இருந்தது. ஒருநாள் பத்துப் பெண்கள் சேர்ந்து தட்டடவு தட்டியதில் பாட்டில் விழுந்தது. நான் நின்றேன், குனிந்து தரையில் கைவைத்துப் பார்த்தேன். பலகை அதிர்ந்தது. ஓடிவிட்டேன். ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தியும் வரவில்லை.

“அரே, நாம தட்டுறதுலதான் அதிருது. உள்ள வா,” என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவள் என்று நினைத்தேன்.

வெட்கத்தில் நான் வகுப்பை விட்டேன். அவள் மெயின்லேண்ட் போனாள். சில வருஷம் கழித்து டிவியில் பார்த்தேன். வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள், குனிந்தாள், கைவைத்தாள், ஓடினாள். சபையே எழுந்து நின்றது. பிறகு வந்த பேட்டியில் என் பெயரைச் சொல்வாள் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். கடல் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னாள். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

போர்ட் பிளேயரில் நடந்த இரங்கல் கூட்டத்தில், கூடப் படித்தவள் என்று என்னைப் பேச அழைத்தார்கள். அந்த நிலை அவள் கண்டுபிடித்ததல்ல, நான் பயந்தது என்று இந்த முறையாவது சொல்லிவிட வேண்டுமென்று, தாளில் எழுதியே எடுத்துப் போனேன். என் முறைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பெண்கள் அஞ்சலியாக ஆடினார்கள். பலகை மேடை. ஓரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் தண்ணீர் கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

எப்போது எழுந்தேன், எப்போது குனிந்து கைவைத்தேன் என்று தெரியாது. செருப்பைக்கூட விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றிருந்தது. கூட்டம் நடத்திய சங்கத்தின் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் செருப்பை எடுத்து வந்தார்.

“பில்குல் அவங்கள மாதிரியே செஞ்சீங்கக்கா,” என்றார். “இதுக்கு மேல பேச்சு எதுக்கு?”

தாள் மேஜைமேலேயே கிடந்தது. நான் நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.