காப்புக் கயிறும் கட்டைக்காலும்

என் அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பாறை விழுந்து போனது என்று ஊரில் சொல்வார்கள். பொய். பாறை எலும்பை உடைத்தது, அவ்வளவுதான். காலை எடுத்தது பாறை இல்லை.

காளப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து மலைக்கு ரோடு வெட்டிக்கொண்டு வந்த காலம் அது. சாமை அறுப்பு முடிந்து கையில் வேலை இல்லாததால் மலைமேல் திருப்புலி நாட்டில் எங்கள் ஊர் இளவட்டங்கள் எல்லாம் ரோடு வேலைக்குப் போனார்கள். அண்ணன் பாறையில் வெடிமருந்துக்குக் குழி அடிப்பான். நான் மற்றப் பெண்களோடு உடைந்த கல்லைக் கூடையில் சுமப்பேன். காலையில் இறங்குவோம், பொழுது சாயும் முன்னால் ஏறி ஊர் வந்துவிடுவோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"அடிபட்டா பயந்துக்காதீங்க. கண்ட்ராக்டர் இன்சூரன்ஸ் போட்டிருக்காரு. டாக்டரு, மருந்து, ஊசி, ஆஸ்பத்திரில சோறு, கூட்டிட்டுப் போற லாரி, எல்லாம் அதுல வந்துரும். வேலைக்கு வர முடியாத நாளுக்குப் பாதிக் கூலி. கால் போச்சுன்னா கட்டைக்கால் செஞ்சு குடுப்பாங்க."

"தலை போச்சுன்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தலை போச்சுன்னா உம்புருசனுக்கு வேற பொண்ணு பாக்கோணும். அது இன்சூரன்ஸ்ல வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேஸ்திரி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதி அவருக்கே தெரியுமோ தெரியாதோ, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் நோன்புக்கு அண்ணன் கரகம் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் அப்பன் உயிரோடு இருந்தவரை அவர்தான் எடுத்தார். அவருக்குப் பிறகு அது அண்ணனிடம் வந்தது. சந்தையில் மஞ்சள் வேட்டி ஒன்று வாங்கி மடித்து வைத்தான். பூசாரி அவன் கையில் காப்புக் கட்டினார். மஞ்சள் தடவிய நூலில் ஒரு மஞ்சள் துண்டு. நோன்பு முடிந்து அதை அவிழ்க்கும் வரை கட்டியவன் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கும் போகலாம், இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கரகம் எடுப்பவன் தவறினால் நோன்பே கெட்டது என்று அர்த்தம். பிறகு ஊரில் எந்தக் குழந்தைக்கு அம்மை வார்த்தாலும் அது அவன் தலையில்தான் விழும். அப்போதெல்லாம் பெரியம்மையில் குழந்தைகள் நிஜமாகவே செத்தன. அதனால் இந்தப் பேச்சை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காப்புக் கட்டிய கையோடுதான் மறுநாள் அவன் வேலைக்கு வந்தான். முதல் வெடி போட்டு முடிந்து, ஆட்கள் திரும்பி வந்து கல் பொறுக்கும்போது, மேலே ஒட்டிக்கொண்டிருந்த பாறை ஒன்று பெயர்ந்து உருண்டது. மற்றவர்கள் விலகினார்கள். அவன் கால் கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் செம்மண் அப்பியிருந்தது.

மேஸ்திரியைக் குறை சொல்ல மாட்டேன். உடனே லாரியைக் கொண்டு வந்தார். கல் ஏற்றும் தொட்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம். நானும் ஏறிக்கொண்டேன். மேஸ்திரி முன்னால் டிரைவரோடு உட்கார்ந்தார்.

"பல்லக் கடிச்சுக்க சாமி, வளைவு நெறைய இருக்குது" என்று டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கண்ட்ராக்டர் ஏற்பாடு செய்திருந்த டாக்டர் சேந்தமங்கலத்தில் இருந்தார். புண்ணைக் கழுவினார், ஊசி போட்டார், காலுக்குப் பலகை வைத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும். உள்ள மண்ணு போயிருக்கு. தினமும் பாக்காம விட்டா அழுகிப்போயிடும்" என்றார்.

அண்ணன் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினான். "ராத்திரி ஊருக்குள்ள இருக்கோணுமுங்க. காலைல வாரேனுங்க."

"பலசரக்குக் கடையாப்பா இது, தினமும் வந்து வந்து போறதுக்கு? படுத்துக் கெடக்கணும்."

"நோன்பு முடிஞ்ச உடனே வாரேனுங்க."

நான் அவன் காதோரம் குனிந்து, "கயித்த அறுத்துப் போடுண்ணா" என்றேன்.

"அறுத்துட்டு?"

"அறுத்துட்டு ஆஸ்பத்திரில படு."

"நாளைக்கு எவ கொழந்தைக்காச்சும் அம்மை போட்டா?"

"உன்னால போட்டதுன்னு யாரு கண்டா?"

"பெத்தவ கண்டுக்குவா. எம்மூஞ்சில வந்து மண்ணள்ளி எறிவா. கால் வலியத் தாங்கிக்கலாம் கண்ணு, அத என்னால தாங்க முடியாது."

டாக்டர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "நான் சொல்லியும் போறாங்க. நீங்க கேட்டுக்கிட்டீங்க இல்லையா?" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. பேச்சுக்குத் தலையாட்டுகிறார் என்று நினைத்தேன்.

லாரி ரோடு முடிகிற இடத்தில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஊர் ஆட்கள் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லை தாண்டி உள்ளே வந்துவிட்டோம். "நல்ல காலம், வந்துட்டான்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எது நல்ல காலம்?

ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வந்து பலகையை எடுத்துவிட்டு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். இரண்டு நாளில் கால் தூணைப் போல வீங்கியது. அப்புறம் வாடை அடிக்க ஆரம்பித்தது. வெளியே நோன்புக்குப் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் காய்ச்சலில் எங்கள் அப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தான். நான் கோயிலுக்குப் போய்ப் பூசாரியின் முன்னால் நின்றேன்.

"காப்ப முன்னாலயே அவுத்து உடுங்க. அவனக் கீழ கொண்டு போகோணும்."

"எல்லாருக்கும் சேத்துத்தான் அவுக்கோணும் புள்ள. ஒருத்தனுக்கு மட்டும் அவுத்தா சாமி குத்தம்."

"அவன் எந்திரிக்கவே முடியலீங்களே. கரகத்த எப்படி எடுப்பான்?"

"அதுக்கு வேற ஆளப் பாத்தாச்சு."

கரகத்துக்கு வேறு ஆள் பார்க்க முடிந்திருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கயிறு மட்டும் அவன் கையிலேயே இருக்க வேண்டுமாம். அன்று அவரைக் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். அவற்றை இங்கே எழுத முடியாது. பெண்கள் என்னை இழுத்து வந்துவிட்டார்கள்.

நோன்பு முடிந்து காப்பு அவிழ்த்த அன்றே கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கையாவது இருந்திருக்கும். "உயிரக் காப்பாத்தணும்னா எடுத்துரணும்" என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ்காரர் சேலத்திலிருந்து வந்தார். வெயிலில் வந்த களைப்போடு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள் என்பதால் எங்கள் தரப்பில் நான்தான் பேசினேன்.

"மொத நாள் டாக்டர் செலவு, ஊசி மருந்து, லாரி, இதெல்லாம் வந்துரும்மா. ஒடஞ்ச எலும்பு கூடற வரைக்கும் பாதிக் கூலியும் வரும்" என்றார்.

"கட்டிலத் தூக்கிட்டு வந்த ஆளுங்களுக்கு?"

"வராதும்மா."

"கட்டுப் போட்டவருக்கு?"

"டாக்டர் பாத்தாத்தான் வைத்தியம்னு கணக்கு."

"வேலைக்குப் போகாம நான் இவங்கூட உக்காந்திருக்கறனே, இது?"

"கூட இருக்கறவங்களுக்குக் கிடையாதும்மா."

இதையெல்லாம் கேட்டதற்குக் காரணம், கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயம். கேட்டேன். "கட்டைக்கால் குடுப்பாங்கன்னு மேஸ்திரி சொன்னாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கால் போனவங்களுக்குக் குடுப்பாங்க. இவருக்கு எலும்புதாம்மா ஒடஞ்சுது. டாக்டர் சொன்னபடி படுத்திருந்தா கூடியிருக்கும். அவரு சொன்னதுக்கு மேஸ்திரியே சாட்சி. வைத்தியம் வேண்டாம்னு போய் அதனால கெட்டுப்போச்சுன்னா, அந்தக் கெட்டுப்போனதுக்குச் சட்டத்துல எடமில்ல. ஒடஞ்சதுக்கு மட்டும்தான்."

"அவன் வேண்டாம்னு சொல்லலீங்க. நோன்பு முடிஞ்சு வாரேன்னுதான் சொன்னான்."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

வார்டு ஜன்னலைக் காட்டினேன். அண்ணன் படுத்திருந்தது அது வழியாகத் தெரிந்தது. போர்வைக்குள் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது.

"ஒடஞ்ச கால்னு சொல்றீங்களே, அது எங்க இருக்குதுன்னு காட்டுங்க" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கொண்டு வந்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அண்ணனுக்குக் கொடுக்கச் சொன்னார். அது என் கோபத்தைக் கூட்டியது. கெட்டவனாக இருந்தால் ஒரு வசவு வைதுவிட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

டாக்டர் பேச்சைத் தட்டினால் கட்டைக்கால் கிடையாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். சேந்தமங்கலத்தில் லாரி ஏறும் முன்னாலாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அண்ணன் கயிற்றை அறுத்திருப்பானா? எனக்குத் தெரியாது. அறுக்காமலும் போயிருக்கலாம். ஆனால் தெரிந்து செய்திருப்பான். அந்த மரியாதையைக்கூட அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் கவையான கம்பு ஒன்றை வெட்டி, செதுக்கி, அக்குளில் வைத்து நடக்கப் பழகினான். ரோடு வேலைக்கு அவனால் போக முடியாது. காட்டில் ஏர் பிடிக்கவும் முடியாது. மிளகு உருவுவான், மரவள்ளிக் கிழங்கு சீவுவான்.

அடுத்த வருஷம் நோன்பு சாட்டினார்கள். காப்புக் கட்டுகிற அன்று குளித்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன். வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் கையை நீட்டினான்.

பூசாரி கயிற்றை எடுக்கவில்லை. "உனக்கு வேண்டாமப்பா" என்றார்.

"ஏனுங்க?"

"ஊனப்பட்ட ஒடம்புக்குக் காப்புக் கட்டற வழக்கமில்ல. மனசுல நெனச்சுக்க, போதும்."

அண்ணன் கையை உடனே மடக்கவில்லை. பின்னால் நின்றவர் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து தன் கையை நீட்டினார். அப்புறம்தான் நகர்ந்தான். சண்டை போட நான் வாயைத் திறந்தேன். "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றான்.

பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினான். "கம்பு அக்குள்ள குத்துது கண்ணு. எதாச்சும் துணி இருந்தா சுத்திக் குடு" என்றான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கரகத்துக்கு வாங்கிய மஞ்சள் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து அவன் எதிரிலேயே கிழித்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், கம்பை என் பக்கம் நகர்த்தினான். கவையில் தடிமனாகச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தேன். அக்குளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பக் குத்தல" என்றான்.