ஏழாவது கட்டை

எங்கள் பவானிபூர் வீட்டுப் பியானோவில் இடமிருந்து ஏழாவது வெள்ளைக் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வராது. கம்பி அறுந்துபோனதால் உள்ளே மரம் தட்டும் ‘டொக்’ மட்டும் கேட்கும். அப்பா துறைமுக அலுவலகத்தில் இருந்தபோது, மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடம் வாங்கிப் போட்டது. என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்குப் பியானோ வாசித்துவந்தாள். அதே நான்கு பாட்டுகளை வருஷக்கணக்காக வாசித்து அலுத்துப்போனவள், வீட்டில் தனக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொண்டாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. மழை விட்ட பிறகு ஜன்னலோரக் கடம்ப மரம் தகரக் கூரைமேல் சொட்டுவதுதான் அதில் வரும். எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம். ஆனாலும் அவள் வாசித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பேன்.

துர்கா பூஜை நெருங்கினால் இந்த ஊரில் ஒருவராலும் சும்மா இருக்க முடியாது. சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்குப் பெயின்ட் என்று எதையாவது புதுசாக்கியே ஆகவேண்டும். எனக்கு வேலை கிடைத்த முதல் வருஷம், அக்கா பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து பியானோ பழுதுபார்க்கும் மிஸ்திரியை வரவழைத்து அந்தக் கட்டையைச் சரிபண்ணிவைத்தேன். அவள் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன்.

அக்கா வந்து உட்கார்ந்து வாசித்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

“இங்கதான்டி சொட்டு விழணும். இப்ப கோயில் மணி அடிக்குது” என்றாள்.

அந்தச் செத்த கட்டையைத்தான் அவள் சொட்டாக வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் மிஸ்திரியைத் திரும்பவும் கூப்பிட்டேன். “நல்லா இருக்கறத எப்படி கெடுக்கறது, தீதி?” என்று என்னை அக்கா முறை வைத்து இந்தியில் கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். அக்கா என்னைத் திட்டவில்லை. “தூர், விடு” என்று வங்காளிகள்போல் சலித்துக்கொண்டு மூடியைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அதை அவள் வாசிக்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவளுடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது என் நாட்கள் மெட்ரோ, அலுவலகம், மருந்து, படுக்கை விரிப்பு துவைப்பது என்று போகின்றன. சில நாள் அவள்மேல் எரிந்து விழுகிறேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுகிறேன். எனக்கும் அறுபதாகப்போகிறது, முடியவில்லை.

நேற்று மாலை மழை விட்டதும் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி ஏழாவது கட்டைமேல் அழுந்தியது. டொக். ஈரக்காற்றில் துருவேறிய கம்பி தானாகவே அறுந்துபோயிருந்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

உள்ளே படுக்கையிலிருந்து அக்காவின் குழறிய குரல் வந்தது.

“அவசரப்படாதடி. அடுத்த சொட்டுக்கு இன்னும் நேரமிருக்கு.”

அடுப்பிலிருந்த குக்கரை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.