விட்டுப்போன நாலு போல்ட்டு

“நாலாங்கிளாஸ் படிச்சிகினு எனக்கே போல்ட்டு சொல்லித் தரியா? உனக்கு இன்னா தெரியும் பாப்பா?” என்று மாமா சிரித்தார்.

ஒரகடத்தில் அவருக்கு ஒரு கிரீஸ் ஷெட் இருந்தது. அப்பா ஓட்டிய டிரெய்லர் ஞாயிறுதோறும் அங்கே வரும். நானும் கூடவே போவேன். மாமா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வில்பட்டைகளைக் கோத்திருக்கும் இரும்பு முளை ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் அடிப்பார். ஆனால் அச்சைப் பிடித்திருக்கும் நீளக் கம்பிகளின் நாலு போல்ட்டுக்கு மட்டும் அடிக்கமாட்டார். துணியால் துடைப்பார், ஸ்பானர் போட்டு இறுக்கிப் பார்ப்பார், நகர்ந்துவிடுவார்.

கிரீஸை மிச்சம் பிடித்து விற்கிறாரோ? மூன்று வாரம் கவனித்தேன். மூன்று வாரமும் அதே நாலு. டப்பாவிலோ ‘எல்லா இணைப்புகளுக்கும் ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் குடும்பத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். கேட்டதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

அப்பாவும் மாமாவும் டீ குடிக்கப் போனதும் அடியில் நுழைந்து, அந்த நாலுக்கும் கை நிறைய அள்ளிப் பூசினேன். அந்த மழைக்காலம் முழுக்க, ஒரு ஞாயிறும் விடவில்லை. “எங்கேர்ந்துதான் இங்க கிரீஸ் வருதோ!” என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா துடைப்பார். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கலுக்கு முன் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கழற்றிப் பார்த்தால், அந்த நாலு போல்ட்டைச் சுற்றியிருந்த ரப்பர் ஊதிக் கூழாகியிருந்தது.

“மட்டமான ரப்பர் போட்டு ஏமாத்திட்டியே மச்சான்! வண்டி கவுந்திருந்தா?” என்று அப்பா கத்தினார்.

“எங்க அக்கா மேல சத்தியமா நல்ல ரப்பர்தான்” என்றார் மாமா.

அப்பா வேறு ஷெட்டுக்கு மாறினார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மாமா ஏமாற்றுகிறார் என்ற என் சந்தேகம் சரியாகிவிட்டதென்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கிரீஸ் ரப்பரைத் தின்னும், அதைத் துடைத்து வைப்பதுதான் அந்த இடத்துக்கான பராமரிப்பு என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

டிப்ளமோ முடித்து, டிரெய்லர் பராமரிப்பு வேலையில் சேர்ந்த முதல் வாரம்தான் அதைக் கையேட்டில் படித்தேன். அந்த வரியையே மறுபடி மறுபடி படித்தேன்.

போன ஞாயிறு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவை அன்று பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தார்.

“இத்தினி வருசமா அவனை...” என்று நிறுத்தினார்.

செருப்பை மாட்டினேன். பின்னால் அவர் வருகிறாரா என்று பார்க்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.