கொள்ளேகாலை இறக்கியவர்

ஓட்டலில் உட்கார்ந்து, "சர்வர் எந்திரிக்க மாட்டேங்குதே" என்று ஜடையன் முணுமுணுத்தால், டிபன் பரிமாறுகிறவர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கத்து ஓட்டல்காரர்களுக்கு இப்போது பழகிவிட்டது. தோசை வருவதற்குள் மனிதர் ஃபோனிலேயே இரண்டு கணினிகளை எழுப்பி, ஒன்றைத் தூங்கவைத்து, சட்னி வந்ததும் நாலாவதை நலம் விசாரித்துவிடுவார். அந்தக் கணினிகள் எல்லாம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, கும்பாரகொப்பல் வீட்டில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சரியாகச் சொன்னால், அங்கே இருப்பது ஒரே ஒரு பெட்டி.

ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய பழைய சர்வர் பெட்டி அது. அதற்குள் நான்கு கணினிகள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு உடம்பு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் தன்னை ஒரு முழுக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். வி.எம். என்பது பொதுப்பெயர். ஜடையனின் விளக்கம் இன்னும் சுருக்கம்: "வூடு ஒண்ணுங்க, குடித்தனம் நாலு. ஒரு குடித்தனத்துல சண்டைன்னா பக்கத்துக் குடித்தனத்துக்குத் தெரியாது, அல்வா?" கடைசியில் வருவது கன்னட அல்வா. 'இல்லையா' என்று பொருள். திருநெல்வேலிக்காரர்கள் ஏமாற வேண்டாம்.

தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் பிரிவு. நட்டு, போல்ட்டு, பேரிங் எடுத்துக் கொடுப்பது வேலை. கம்ப்யூட்டர் வகுப்பு எதிலும் உட்கார்ந்தவர் இல்லை. எல்லாம் கன்னட வீடியோக்கள் பார்த்துக் கற்றது. அதனால் பாதி விஷயங்கள் அவருக்குக் கன்னடத்தில்தான் தெரியும், மீதி விஷயங்கள் யாருக்கும் புரியாத மொழியில். கிளவுடில் போட்டுவைக்கலாமே என்று யாராவது கேட்டால் முகம் சுண்டிப்போகும். "அடுத்தவன் வூட்டு அட்டாலில நம்ம டிரங்குப் பொட்டிய வெக்கறதுங்க அது. சாவி நம்ம கையில இருக்கணும்."

நான்கு வி.எம்.களுக்கும் அவர் சொந்த ஊருக்குப் போகும் பஸ் வழியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். குடும்பப் படங்களும் வீட்டுப் பத்திரங்களும் இருப்பது கௌதள்ளி. அது அவர் பிறந்த ஊர். கேமராவையும் தண்ணீர் மோட்டாரையும் கவனிப்பது ஹனூர். வாசலில் நிற்பது கொள்ளேகால். வீட்டு இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான், வீட்டுக்குள்ளிருந்து மற்ற மூன்றைத் தொடுவதும் அதன் வழியாகத்தான், வெளியூரிலிருந்து ஜடையன் உள்ளே நுழைவதும் அதன் வழியாகத்தான். அந்தப் பக்கம் போகிற எந்த பஸ்ஸும் கொள்ளேகாலைத் தொடாமல் போகாது என்பதால் பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து. நாலாவது, சோதனை செய்து பார்ப்பதற்கென்றே வைத்திருப்பது: கோபிநத்தம். அது மனைவி நிர்மலாவின் ஊர்.

"எங்கூர மட்டும் வாரம் ஒருக்கா அழிச்சு அழிச்சுக் கட்றீங்க. உங்கூரு மேல ஒரு நாளாச்சும் கை வெச்சிருக்கீங்களா?" என்று நிர்மலாவும் வாரம் ஒருமுறை கேட்பார். அவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பெட்டியால் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கும் பயன் ஒன்றே: மார்கழிக் குளிரில் தோசை மாவுப் பாத்திரத்தை அதன் தலையில் வைத்தால் காலைக்குள் பொங்கிவிடுகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்த நிர்மலாவுக்கு அடுத்தடுத்து மூன்று அழைப்புகள். யாருக்கோ என்னவோ என்று வெளியே ஓடிவந்து எடுத்தால், மறுமுனையில் ஜடையன், "பொட்டி மொகத்துல பட்டன் இருக்குது பாரு, அத அஞ்சு செகண்ட் அமுக்கோணும்" என்கிறார். ஆட்டோ பிடித்து வந்து அமுக்கினார். நன்றி சொல்வதற்குப் பதில் ஜடையன், "நான் சொல்லாம மட்டும் தொட்றாத, உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்" என்று வேறு மிரட்டிவைத்தார். அன்று மாலை தீர்ப்பு வந்தது.

"இன்னொரு வாட்டி இதுக்கோசரம் எனக்கு ஃபோன் வந்துச்சுன்னா மறுநாளு இது இங்க இருக்காது. எனக்கு கிரைண்டர் வெக்க எடம் வேணும்."

நிர்மலா சொன்னால் சொன்னதுதான். வகுப்பில் நாற்பது பேருக்கு அது தெரியும். வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை ஜடையன் மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறினார். பெட்டியின் டிஸ்க் ஒருமுறை செத்துப் பிழைத்தபோது மொட்டையடிப்பதாக வேண்டிக்கொண்டது பாக்கி இருந்தது. ஜன்னலோர இடம், காற்று, கையில் ஃபோன். ஹனூரை இறக்கி, கொஞ்சம் மெமரி சேர்த்து, மறுபடி ஏற்றலாம் என்று உத்தேசம். அணைப்பதை 'எறக்கறது' என்பார், எழுப்புவதை 'ஏத்தறது' என்பார். பஸ்ஸில் பிறந்த சொல், பஸ்ஸிலேயே காலை வாரியது. பட்டியலில் ஹனூரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் தகரத்தைத் தட்டிக்கொண்டு குரல் கொடுத்தார்: "கொள்ளேகால் எறங்கறவங்க எறங்குங்க."

விரல் கொள்ளேகாலை இறக்கியது. நிச்சயந்தானா என்று ஃபோன் ஒருமுறை கேட்கத்தான் செய்தது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன பழக்கம் ஜடையனுக்கு இல்லை.

நான்கு பெயர்களும் சாம்பல் நிறமாகின. உள்ளே போவதற்கு இருந்த ஒரே வழியை உள்ளே நின்றபடியே அடைத்திருக்கிறார் என்பது புரிய ஹனூர் எல்லை வந்துவிட்டது. நிர்மலாவின் எண்ணை மூன்று முறை எடுத்தார், மூன்று முறை விட்டார். சனிக்கிழமை அரைநாள் பள்ளி. ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வருவார், நெட் இல்லை என்பதைப் பார்ப்பார். அதற்குள் போயாக வேண்டும்.

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"மலைக்குத்தானுங்க டிக்கெட் எடுத்தீங்க, இங்க எதுக்கு எறங்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"கொள்ளேகால் நின்னுபோச்சுங்க."

கண்டக்டர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தானே அங்கிருந்து வந்தோம். நல்லாத்தானே இருந்துச்சு?"

மைசூர் பஸ்ஸில் ஜடையனுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. நரசிப்புரத்தில் ஒரு மாட்டுவண்டி ஊர்வலம் அரை மணி நேரத்தைத் தின்றது. கும்பாரகொப்பலில் அவர் செருப்பைக் கழற்றும்போது மணி இரண்டேகால். நிர்மலா கூடத்தில் லேப்டாப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவரின் தலையில் முழு முடியும் இருப்பதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மலையேறலீங்களா?"

"இல்ல."

"எது வரைக்கும் போனீங்க?"

"ஹனூரு."

"ஹனூர்ல இருந்து பட்டன் அமுக்க வந்தீங்களா?"

"நீதான ஃபோன் பண்ணக் கூடாதுன்ன."

நிர்மலா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். "திங்கக்கிழம டெஸ்டுக்குக் கொஸ்டின் பேப்பர். கௌதள்ளிலதான் போட்டு வெச்சிருக்கறன். இன்னிக்கு சாயங்காலம் பிரின்டுக்குக் குடுக்கணும். வந்ததுல இருந்து தெறக்க மாட்டேங்குது."

"கௌதள்ளிலயா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொன்னா உங்களக் கையில புடிக்க முடியுமா?"

"பட்டன அமுக்கியிருக்கலாமல்ல, டீச்சரே?"

"நீங்க சொல்லாமத் தொட்டா உள்ள இருக்கறது போயிரும்னு யாரு பயமுறுத்துனது? உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னுதான் பாத்தன். பண்ணக் கூடாதுன்னு சொன்னவளே எந்த மூஞ்சியோட பண்றது?"

ஜடையன் குனிந்து பட்டனை அமுக்கினார். பெட்டி முழுதாக அடங்கி, இரண்டாம் முறை அமுக்கியதும் மூச்சு விட்டது. கொள்ளேகால் ஏறியது, பின்னால் ஹனூர், பிறகு கௌதள்ளி. வினாத்தாள் திறந்துகொண்டது. முதல் கேள்வி தொடுகோடு பற்றியது. நிர்மலா ஒருமுறை கீழே வரை படித்துவிட்டு, "எல்லாம் இருக்குது" என்றார். கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஜடையன் நிமிர்ந்தார். பிறகு தன் ஃபோனை எடுத்து, புது விரல்ரேகை சேர்க்கும் இடத்தைத் திறந்து, நிர்மலாவின் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தார். ஃபோன் ஏற்கவில்லை. திருப்பிப் பார்த்தால் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, மறுபடி வைத்து, "அமுக்கு" என்றார்.