கிரேனுக்குக் கீழே பேசிய இங்கிலீஷ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதக் காலையில், வடசென்னை சாத்தாங்காட்டில் நான் வேலை பார்க்கும் இரும்பு யார்டில் நடந்தது இது. அன்று எனக்கு இங்கிலீஷ் பரீட்சை. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. சிரிக்காதீர்கள், நானே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டேன்.

நான் கிரேன் சிக்னல்மேன். மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது முழுசாகத் தெரியாது, இரைச்சலில் எதுவும் காதில் விழாது. கீழே நின்று நான் கையைக் காட்டுவேன், அதைப் பார்த்து அவர் கிரேனை ஓட்டுவார். ஆட்காட்டி விரலை நிமிர்த்திச் சுழற்றினால் தூக்க வேண்டும். கையை மூடிப் பிடித்தால் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு கையையும் விரித்து ஆட்டினால் பெரிய ஆபத்து, அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருடம் கையால் பேசியே பிழைத்தவன் நான். வாய்க்கு டீ குடிப்பதைத் தவிரப் பெரிய வேலை இருந்ததில்லை.

அப்படிப்பட்டவன் தலையில்தான் இடி இறங்கியது. யார்டுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இயந்திரங்கள் வரத் தொடங்கின. அவர்களுடைய இன்ஜினியர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் சரக்கைப் பற்றியும் ஆபத்தைப் பற்றியும் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் சிக்னல்மேன் பேட்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறை தோற்றால் கிரேன் பக்கமே வரக் கூடாது, குடோனில் சாக்கு அடுக்கப் போக வேண்டும். நான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். இரண்டு முறையும் அதிகாரி முன்னால் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்தக் கயிறு பத்திரமானதா என்று கேட்டதற்கு "எஸ் சார்" என்றேன். ஆபத்தானதா என்று கேட்டதற்கும் "எஸ் சார்" என்றேன்.

ராயபுரத்தில் எங்கள் சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டுப் போய்ச் சேர்ந்தேன். டீச்சருக்கு இருபத்து நான்கு வயது. அவருடைய அப்பா யானைக்கவுனியில் கயிறும் சங்கிலியும் விற்கிறவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தி, "ஏன் அண்ணாச்சி, கையைக் கட்டிட்டு நின்னா வாய் எப்படித் திறக்கும்? முதல்ல கையை அவுத்து விடுங்க" என்றார். என் வியாதியை ஒரே பார்வையில் கண்டுபிடித்த டாக்டர் அவர்தான்.

ஒரு ஞாயிறு, பலகையில் 'பத்திரமாகத் தூக்கக்கூடிய கயிறு' என்று எழுதி, இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். "நாம அது எப்படிப்பட்ட கயிறுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டுக் கடைசியில கயிறைச் சொல்லுதோம். அவங்க முதல்லயே கயிறைச் சொல்லிருவாங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வரும்" என்று சொல்லிவிட்டு எழுதினார். 'எ ரோப் விச் கேன் சேஃப்லி லிஃப்ட்.'

பார்த்துக்கொண்டே இருந்த எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. "டீச்சர், இது நம்ம வேல மாரியே கீது!" என்று எழுந்துவிட்டேன். முதலில் சரக்கு, அதாவது ரோப். அடுத்து அதில் மாட்டுகிற கொக்கி, அதுதான் விச். ஆளாக இருந்தால் அந்தக் கொக்கிக்கு ஹூ என்று பெயர். கொக்கி மாட்டிய பிறகு உத்தரவு. முடியும் என்றால் கேன், செய்தே ஆக வேண்டும் என்றால் மஸ்ட், நடந்தாலும் நடக்கலாம் என்றால் மே. உத்தரவுக்குப் பிறகு எப்படி என்பது வரும், பத்திரமாகவா, மெதுவாகவா, இல்லை ஒருபோதும் கூடாதா என்று. எல்லாம் முடிந்த பிறகுதான் தூக்குவது. இதை ஒவ்வொன்றாகக் கையால் காட்டிக்கொண்டே வந்து, லிஃப்ட் என்ற இடத்தில் விரலைச் சுழற்றி முடித்தேன்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "மூணு வருஷம் காலேஜ்ல படிச்சேன் அண்ணாச்சி, இதை இவ்வளவு லேசா எனக்கு யாரும் சொல்லித் தரலை" என்றார். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாத எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன். சீக்கிரம் கெட்டுப்போகக்கூடிய மீன், ஒருபோதும் சொன்ன பேச்சைக் கேட்காத மகன், வந்தாலும் வரக்கூடிய தண்ணி லாரி, எல்லாம் என் கையில் இங்கிலீஷாக மாறின. "வாயால பேசுறியா, கையால பேசுறியா? கொயம்பு சட்டியத் தட்டி வுட்டுடப் போற" என்று என் வீட்டுக்காரி கத்துவாள். அவள் பயந்ததைவிடப் பெரிய வினை யார்டில் காத்திருந்தது.

பரீட்சை நாள் வந்தது. மும்பையிலிருந்து வந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கிரேன் கேபினில் என் தோஸ்து. ராயபுரத்தில் ஒரே தெரு, என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்றைச் சுற்றி, நாங்கள் ஸ்லிங் என்று சொல்லும் கம்பிக் கயிற்றைப் போட்டு, கிரேன் கொக்கியில் தொய்வாக மாட்டி வைத்திருந்தார்கள். கயிற்றில் ஓரிடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி குனிந்து, கையுறை போட்ட கையைக் கயிற்றுக்கும் சுருளுக்கும் நடுவில் விட்டு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே, இந்த ஸ்லிங்கைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் கையைக் கட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திஸ் இஸ் எ ஸ்லிங் விச் மஸ்ட் நெவர் லிஃப்ட் எனி லோட்" என்றேன். எந்தச் சரக்கையும் ஒருபோதும் தூக்கக் கூடாத ஸ்லிங் இது என்று அர்த்தம். தடுமாறாமல் வந்தது. ஆனால் லிஃப்ட் என்று வாய் சொன்னபோது என் விரல் தானாக நிமிர்ந்து சுழன்றுவிட்டது.

மேலே இருந்தவனுக்கு இங்கிலீஷும் கேட்காது, தமிழும் கேட்காது. அவனுக்குத் தெரிந்தது என் விரல்தான். கிரேன் உறுமியது. தொய்வாகக் கிடந்த கயிறு விறைக்கத் தொடங்கியது.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து ஆட்டினேன். கிரேன் நின்றது. அதிகாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல்கள் ஐந்தும் வந்துவிட்டன. கையுறை மட்டும் கயிற்றுக்கு அடியில் நசுங்கி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தது.

முகம் வெளுத்துப் போயிருந்த அதிகாரி, சிக்னல் கொடுத்தது யார் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி என் காதருகே வந்தார். "இன்னாத்துக்கு முயிக்கிற? ஆபரேட்டர்தான் அவசரப்பட்டுத் தூக்கிட்டான்னு சொல்லிட்டு போய்கினே இரு. அவனுக்கு இன்னா, வேற யார்டுல வேல கெடைக்கும்."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கும் அந்த ஆசை வந்தது. நான் விரலைச் சுழற்றியதை, குனிந்திருந்த அதிகாரி பார்க்கவில்லை. பழியை ஆபரேட்டர் மேல் போட்டால் எனக்கு பேட்ஜ் கிடைக்கும், அவனுக்கு அன்றோடு வேலை போகும். பயத்தில் என் கைகள் பழையபடி நெஞ்சுக்கு நேராகக் கட்டிக்கொண்டன, வாயும் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு நடந்தும், அடுத்த உத்தரவுக்காக அவன் கேபின் கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை அவிழ்த்தேன். வலது கையை உயர்த்தி, விரல்களை மூடிப் பிடித்து, அசையாதே என்று அவனுக்குக் காட்டினேன். அந்தக் கையை அப்படியே இறுக்கி வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கையின் உதவி இல்லாமல் இங்கிலீஷ் பேசினேன். "சார், ஐ ஆம் தி மேன் ஹூ கேவ் தி சிக்னல். தி ஆபரேட்டர் டிட் தி திங் விச் ஹி மஸ்ட் ஆல்வேஸ் டூ." சிக்னல் கொடுத்த ஆள் நான், ஆபரேட்டர் எப்போதும் எதைச் செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தார் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி மாட்டிக்கிடந்த கையுறையைப் பார்த்தார், என் மூடிய கையைப் பார்த்தார், கடைசியில் மேலே கேபினைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். யாரும் மொழிபெயர்க்காமலே எனக்கு அத்தனையும் புரிந்தது. தன் தப்பைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் போதும், அதில் நீ பாஸ். ஆனால் கிரேனைப் பார்த்தபடி கையை ஆட்டிக் கதை பேசுகிறவனுக்கு பேட்ஜ் தர முடியாது. ஒரு வாரம் கழித்து வந்து சிக்னல் பரீட்சையில் தேறிக் காட்டு.

தோஸ்து இறங்கி வந்ததும் கேட்டான், "இன்னா மாமு, அந்தாளாண்ட இன்னா சொன்ன? மேஸ்திரி உன்ன மொறச்சிகினு போறாரு."

"உம்மேல தப்பு இல்லன்னு சொன்னேன்."

"இங்லீஷ்லயா?"

"பின்ன, அவருக்குத் தமிழ் தெரியாதே."

அவன் என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அடுத்த வாரம் வலது கையைக் கிரேனுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்து சிக்னல் பரீட்சையில் தேறினேன். இப்போது எங்கள் யார்டில், யாராவது பேச வந்தால் சிக்னல்மேன் முதலில் கையை மூடிக் காட்டி கிரேனை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். அன்று நான் பேசிய இரண்டு வரியையும் டீச்சர் இன்றும் புது ஆட்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டுகிறார். அந்த ஞாயிறுகளில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். பெருமையாக இருக்கிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் தலையைக் குனிவதில்லை. என் தோஸ்தின் வேலையைக் காப்பாற்றுகிற அளவுக்குத் தெரியும் என்று சொல்கிறேன்.